பேனாக்கத்தி வைத்திருந்தால் குற்றமா?

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்காரம்மா நார் அறுக்கும் சின்னக் கத்தி, தி.நகரில் கொய்யா நறுக்கும் கத்தி, அடையாறில் இளநீர் சீவும் அரிவாள்... இவற்றுக்கெல்லாம் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால் மலையேறப் போகும் ஒரு மாணவர் தன் பையில் மடக்குக்கத்தி ஒன்றைப் போட்டுக்கொண்டால் மட்டும், "போலீஸ் பிடிக்குமோ?" என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. இதற்கு விடை தேட 1878-க்குப் போக வேண்டும்.

1857 புரட்சியின் கசப்பு ஆட்சியாளர்களுக்கு இன்னும் மாறாத காலம் அது. வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டத்தைக் கொண்டு வந்தார். துப்பாக்கி மட்டுமல்ல, வாள், குத்துவாள், ஈட்டிமுனை, ஏன் வில்லும் அம்பும்கூட அதில் "ஆயுதம்"! உரிமம் இல்லாமல் ஏந்தித் திரியக் கூடாது. ஐரோப்பியர்களுக்கோ விதிவிலக்கு. அதாவது கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, அது யாருடைய கை என்பதே முக்கியமாக இருந்தது. (சுதேச மொழிப் பத்திரிகைகளை அடக்கிய சட்டமும் இதே லிட்டன் இதே ஆண்டில் போட்டதுதான். பேனாவுக்கும் கத்திக்கும் ஒரே ஆண்டில் பூட்டு!)

இதை எதிர்த்த குரல் சென்னையிலும் ஒலித்தது. 1887 டிசம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதியின் மக்கீஸ் தோட்டத்தில், பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு கூடியது. அதில் பிபின் சந்திர பால் ஆயுதச் சட்டத்தை நீக்கச் சொல்லி வாதாடினார். விசுவாசமுள்ள மக்கள்மீது இச்சட்டம் களங்கம் சுமத்துகிறது, அதை மாற்ற வேண்டும் என்று தீர்மானமும் நிறைவேறியது.

மாற்றம் வர சுதந்திரம் வர வேண்டியிருந்தது. 1959-இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த புதிய ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருட்களை ஆயுதக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. கத்திக்கு அளவும் வந்தது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் விதிகளின் பட்டியலில் சேரும். அப்போதும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. 2016-இல் வந்த புதிய விதிகளும் இந்த அளவை மாற்றவில்லை. அரிவாள் 2 அங்குலத்தைத் தாண்டினாலும் இளநீர்க்காரர் தப்பிப்பது இப்படித்தான். பேனாக்கத்தியோ 9 அங்குலத்தின் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இதே கத்தியோடு டெல்லிக்கு ரயில் ஏறினால் கதை வேறு. சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட ஆயுதங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவிக்க இடம் தருகிறது. அதன்படி 1980-இல் டெல்லியில் பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்திகளுக்கும், அதுபோன்ற வேறு விசையமைப்பு உள்ள கத்திகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அங்கே 7.62 செ.மீ. அலகே சிக்கலுக்குப் போதும்.

சென்னையிலும் பேனாக்கத்தியை நீட்டி ஒருவரைக் காயப்படுத்தினால் அளவெல்லாம் செல்லாது. குத்தவோ வெட்டவோ பயன்படும் எந்தக் கருவியாலும் வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தினால் தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 324-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 118. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், செக்-இன் பெட்டியில் போட்டுவிடுவது நல்லது.