சுவிட்சர்லாந்து மருத்துவக் காப்பீடு: செலவை ஒப்பிடுதல்

சுவிட்சர்லாந்தில் வசிக்கும் ஒவ்வொருவரும் அடிப்படை மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். 1994 டிசம்பர் வாக்கெடுப்பில் மக்கள் ஏற்ற சட்டம் 1996 ஜனவரி 1 முதல் இதைக் கட்டாயமாக்கியது. புதிதாகக் குடியேறுவோருக்கும் பிறக்கும் குழந்தைகளுக்கும் மூன்று மாத அவகாசம் உண்டு. அடிப்படைக் காப்பீட்டின் பலன்களைச் சட்டமே வகுத்திருப்பதால் எல்லா நிறுவனங்களிலும் அவை ஒன்றே. நோயையோ வயதையோ காட்டி யாரையும் மறுக்கவும் முடியாது. ஆகவே தேர்வு பெரும்பாலும் செலவைப் பொறுத்தது.

செலவின் கூறுகள்

பிரீமியம் மாதந்தோறும் கட்டுவது. நிறுவனம், மாநிலம், வயதுப் பிரிவு ஆகியவற்றுக்கு ஏற்ப இது மாறும். வருமானத்துக்கு ஏற்ப மாறாது. வருவாய் குறைந்தோருக்கு மாநில அரசு மானியம் தருகிறது.

'பிராஞ்சைஸ்' என்பது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நோயாளியே ஏற்கும் தொகை. பெரியவர்களுக்கு இது 300 முதல் 2,500 பிராங்க் வரை ஆறு படிகளில் உள்ளது. அதைத் தாண்டிய செலவில் 10 விழுக்காட்டையும் நோயாளியே ஏற்க வேண்டும். ஆண்டு உச்சவரம்பு 700 பிராங்க். மருத்துவமனையில் தங்கினால் பெரும்பாலான பெரியவர்கள் நாளுக்கு 15 பிராங்க் கூடுதலாகக் கட்டுகிறார்கள். மகப்பேறு மருத்துவத்துக்கு இப்பங்குகள் இல்லை.

இரு படிகளின் ஒப்பீடு

பெரிய நோய் வரும் ஆண்டில், பிரீமியமும் மருத்துவமனை நாள் கட்டணமும் நீங்கலாக, 300 பிராங்க் படியில் உச்சச் செலவு 1,000. 2,500 படியில் 3,200. உயர்ந்த படிக்குப் பிரீமியத் தள்ளுபடி உண்டு. கூடுதலாக ஏற்கும் தொகையில் 70 விழுக்காட்டுக்கு மேல் அதைத் தரக் கூடாது; இங்கே அது ஆண்டுக்கு 1,540 பிராங்க். முழுத் தள்ளுபடி கிடைத்தால், மருத்துவச் செலவு ஏறத்தாழ 2,000 பிராங்கைத் தாண்டும் ஆண்டில் 300 படியும், தாண்டாத ஆண்டில் 2,500 படியும் லாபம். இடைப்பட்ட படிகள் சிலருக்கே பயன்படும்.

முதலில் குடும்ப மருத்துவரையோ தொலைபேசி ஆலோசனையையோ நாட ஒப்புக்கொள்ளும் திட்டங்களில் பிரீமியம் மேலும் குறையும்.

தேர்வும் காலக்கெடுவும்

அடுத்த ஆண்டுக்கான பிரீமியம் இலையுதிர் காலத்தில் அறிவிக்கப்படும். நிறுவனம் மாற விரும்புவோரின் விலகல் கடிதம் நவம்பர் 30-க்குள் சென்று சேர வேண்டும். நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கும், திடீரென 2,500 பிராங்க் புரட்ட முடியாத குடும்பங்களுக்கும் குறைந்த படியே பாதுகாப்பு. பிரீமியத்தை மிச்சப்படுத்தப் போய், பணமில்லாமல் மருத்துவரைப் பார்ப்பதையே தள்ளிப்போடும் நிலை வந்தால் காப்பீடு எடுத்ததன் பயன் கிட்டாது.