பழைய கணினியாக நடிக்கும் டாஸ்பாக்ஸ்

தொண்ணூறுகளில் அலுவலகக் கணினியில், மேலதிகாரி வராத நேரம் பார்த்து 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஆடியவர்கள் நம் குடியிருப்பிலும் இருப்பார்கள். 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். ஜோர்டான் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய ஆட்டம். டாஸில் வந்தது அடுத்த ஆண்டு. தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்தே இளவரசனின் ஓட்டத்தை வரைந்தாராம்.

இன்றைய கணினியில் அந்த ஃபைலை அப்படியே திறக்க முடியாது. டாஸ் ஆட்டங்கள் 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்காது. வேகமும் ஒரு தொல்லை. சில ஆட்டங்கள் பிராசசரின் வேகத்தையே கடிகாரமாக நம்பியிருந்தன. பழைய கேபினெட்டுகளில் 'டர்போ' பொத்தான் இருந்ததே, அது உண்மையில் வேகத்தைக் குறைக்கத்தான். பெயர் வைத்தவரை என்ன சொல்ல!

2002-இல் வெளியான டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்தக்கால பிராசசர், சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, டாஸ் எல்லாமாகவும் தானே நடித்தது. வேகத்தையும் நம் இஷ்டத்துக்குக் குறைக்கலாம். 2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்கைவ் சுமார் 2,400 டாஸ் ஆட்டங்களை பிரவுசரிலேயே ஆட வைத்ததும் இதைக் கொண்டுதான்.

ஆனால் ஃப்ளாப்பியே கெட்டுப்போனால் டாஸ்பாக்ஸ் என்ன செய்யும்? மெக்னர் ஆப்பிளுக்கு எழுதிய மூல நிரலே பல ஆண்டுகள் காணாமல் கிடந்தது. 2012-இல் அவருடைய அப்பா வீட்டுப் பெட்டியொன்றில் ஃப்ளாப்பிகளாகக் கிடைத்தது. நல்லவேளை, படிக்க முடிந்தது.

உங்கள் பரணில் இருப்பது 3.5 அங்குல ஃப்ளாப்பி என்றால் யூ.எஸ்.பி. டிரைவ் போதும். 5.25 அங்குலம் என்றால் பழைய டிரைவைத்தான் தேட வேண்டும்.