மாகறல் வட்டார வேளாண் சமூக உறவுகள்

செய்யாற்றங்கரையில் திருமாகறலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாகறலை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பரம்பரை நிலவுரிமை கொண்ட மிராசுதாரர், அவர்களிடம் வாரத்துக்குப் பயிரிட்ட புறக்குடிகள், உரிமையின்றி உழைத்த பண்ணையாட்கள் என்ற அடுக்கே வேளாண் உறவுகளைத் தீர்மானித்தது. தச்சர், கொல்லர், வண்ணார் முதலியோருக்குச் 'சுதந்திரம்' எனப்பட்ட விளைச்சல் பங்கு களத்திலேயே அளந்து தரப்பட்டது. அருகிலுள்ள உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் ஏரி வாரியத்தார் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறினும், நிலமும் வேதப்பயிற்சியும் உடையோரே அப்பதவிக்குத் தகுதி பெற்றதால், அதை இன்றைய பொருளில் மக்களாட்சி எனக் கொண்டாடுவது மிகை. இம்மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தாழ்த்தப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்களில் பல பின்னர் பிறர் கைக்கு மாறியமையால், அவற்றை மீட்கும் கோரிக்கை இன்றும் நீடிக்கிறது.