லயத்துக்கு வராத லைசென்ஸ்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் போய்வந்த தலைமுறைக்குப் பேரா மாநிலத்துப் பீடோர் ஒரு சாப்பாட்டு ஊர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும்வரை பேருந்தும் லாரியும் ஊருக்குள் வந்து நின்றுதான் போயின. மூலிகை போட்ட வாத்து மீ சூப், கோழி பிஸ்கட், கொய்யா, பெத்தாய் என்று இறங்கியவர்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டு பையையும் நிரப்பிக்கொண்டார்கள். வழிப்போக்கர்களை நம்பியிருக்கும் ஊரில், ஒரு சமையற்கட்டில் நேரும் தவறு இரவுக்குள் பல ஊர்களுக்குப் போய்விடும். அந்தச் சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பது பீடோரின் வரலாற்றில் ஒரு முக்கியமான இழை. தமிழர்களைப் பொறுத்தவரை அந்த உரிமை எங்கே போய் நின்றுவிட்டது என்பது அதைவிட முக்கியம்.

மலாயாவில் இந்தப் பொறுப்பு சுகாதார வாரியங்களிலிருந்து தொடங்குகிறது. கோலாலம்பூரில் 1890இல் ஒரு வாரியம் அமைந்தது. பேராவின் ஊர்களுக்கும் அதே ஏற்பாடு வந்தது. சாக்கடை, மலக்கூடை, சந்தை, ஆடுமாடு அறுக்கும் கொட்டில், சாப்பாட்டுக் கடை எல்லாம் அதன் பார்வையில் இருந்தன. உறுப்பினர்களை அரசு நியமித்தது. அரசிதழில் வரைந்த நகர எல்லைக்குள் மட்டுமே அதற்கு அதிகாரம். எல்லைக் கல்லுக்கு அப்பால் ரப்பர்த் தோட்டம் தொடங்கினால் அங்கே துரை, கிராணி, கங்காணி, டிரசர் ஆகியோரின் ஆட்சி. தொழிலாளர் சட்டம் தோட்டத்துக்கு மருத்துவமனை வேண்டும், குடியிருப்பு வேண்டும் என்று சொன்னது. ஆனால் லயத்து மக்கள் வாங்கிச் சாப்பிட்ட பண்டத்தைப் பார்க்க நகரத்து ஆய்வாளர் வரவில்லை.

இந்த இடத்தில் ஓர் அரிசிக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பக்கத்துத் தோட்டங்களில் இருந்த தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. காரணம் சோற்றில் இருந்தது. சீனர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்டார்கள், தமிழர்கள் புழுங்கலரிசி உண்டார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போய்விடுவதில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907இல் இதை நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரு வகை அரிசி கொடுத்துச் சோதித்தார். டாக்டர்கள் பிரேசரும் ஸ்டாண்டனும் சாலை போடும் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதையே உறுதி செய்தார்கள். எந்த அதிகாரியும் கேட்காமலே, ஊரிலிருந்து மூட்டையோடு வந்த ஒரு சமையல் வழக்கம் தோட்டத்து உயிர்களைக் காத்தது. அந்த மக்களுக்கு வாய்த்த உணவுப் பாதுகாப்பு அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

1952ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டம், அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுக்குத் தேர்தலைக் கொண்டுவந்தது. கடைத்தெருவில் நாற்றமடித்தால் யாரிடம் கேட்பது என்று மக்களுக்குத் தெரிந்திருந்த காலம் அது. ஆனால் அது நீடிக்கவில்லை. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சிகளின் நிலையை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றே அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் நியமன உறுப்பினர்களையே நிலைக்க வைத்தது. இன்று பீடோரின் கடைகள் தாப்பா மாவட்ட மன்றத்தின் கீழ் இருக்கின்றன.

அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவை ஒட்டுக்கடைக்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் மன்றம் தான் விரும்பிய நிபந்தனைகளைப் போடலாம், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, அதைத் திரும்பப் பெறலாம், இழப்பீடு கிடையாது. மன்றத்தின் துணைச் சட்டங்களை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் கடையைப் பார்க்க வருவது மன்றம் மட்டுமல்ல. 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படி சுகாதார அமைச்சின் அதிகாரிகள் அசுத்தமான கடையை 14 நாள் வரை மூடலாம். கடைக்காரருக்கு இரண்டும் ஒரே சீருடையாகத் தெரிந்தாலும் அதிகாரம் வேறு, காகிதம் வேறு.

மன்றம், அமைச்சு என்ற இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி 1988 அக்டோபரில் பேராவில் கொடூரமாக வெளிப்பட்டது. எலிவால் போல் குட்டையாக, வழவழவென்று இருக்கும் லோ ஷி ஃபன் என்ற அரிசி மீயைச் சாப்பிட்ட 13 சீனக் குழந்தைகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். இறப்புகள் இரண்டு மாவட்டங்களில் ஆறு ஊர்களில் சிதறிக் கிடந்தன. புலனாய்வாளர்கள் அவற்றை வரைபடத்தில் இணைத்தபோது, கம்பாரில் இருந்த ஒரே தொழிற்சாலையின் விநியோகப் பாதை தெரிந்தது. இறந்த குழந்தைகளின் உடற்கூறுகளில் பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்சின் உறுதியானது. போரிக் அமிலம் பற்றியும் ஆய்வுகள் பேசின. கம்பாரிலிருந்து தெற்கே தெமோ, தாப்பா, பீடோர் என்று ஒரே சாலைதான் போகிறது. கடைக்காரரின் அடுப்படி பளபளவென்று இருந்திருக்கலாம், கையுறைகூடப் போட்டிருக்கலாம். நஞ்சு மீ மூட்டையோடு வந்தது. கடையின் தரையைப் பார்க்கும் லைசென்ஸ் அந்த மூட்டையைத் தடுத்திருக்க முடியாது. உணவுச் சட்டத்துக்கு அப்போது வயது ஐந்து.

2009இல் வந்த உணவுச் சுகாதார விதிகள் பதிவையும் பயிற்சியையும் கட்டாயமாக்கின. உணவைக் கையாளுபவர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், தலையை மூடி ஏப்ரன் கட்ட வேண்டும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை.

இந்த விதிகள் வந்த காலத்துக்குள் பேரா தோட்டங்களில் பல துண்டாடப்பட்டோ, செம்பனைக்கு மாறியோ, கைமாறியோ போயிருந்தன. தனியார் நிலம் என்ற காரணத்தால் தலைமுறைகளாக ஊராட்சிச் சேவைக்கு வெளியே வைக்கப்பட்ட குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. பால்மரம் சீவிய பெண்களில் பலருக்கு மூலதனமாக இருந்தது சமையல் கைமணம்தான். தோசைக்கல்லோடு சாலையோரம் நின்றபோதுதான் அவர்கள் மன்றம் என்ற ஒன்றை முதன்முதலாகச் சந்தித்தார்கள், அதுவும் அமலாக்க வண்டியின் வடிவில். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கொடுக்க வராத அதிகாரம் அபராதச் சீட்டோடு வந்து நின்றால் அவர்களுக்கு ஏற்படும் கசப்பில் நியாயம் இருக்கிறது.

அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்ல முடியாது. 2018இல் பங்சாரில் ஒரு வாழையிலை உணவகத்தின் ஊழியர்கள் சாலைக் குழியில் தேங்கிய நீரில் தட்டுகளைக் கழுவிய காணொளி பரவியபோது, கோலாலம்பூர் மாநகர் மன்றம் அந்தக் கடையை மூடியது சரியே. அங்கே சாப்பிட்டவர்களில் தமிழர்களும் இருந்திருப்பார்கள். கடுமை வேண்டும், கூடவே, லைசென்ஸ் பறிக்கப்படும்போது எழுத்தில் காரணமும், ஒட்டுக்கடை போடும் இடத்தில் குழாயும், பயிற்சி வகுப்பு தமிழிலும் வேண்டும். இவற்றைக் கேட்கப் போகும் பீடோர்க்காரர் தாப்பாவில் சந்திக்கும் மன்ற உறுப்பினர் மாநில அரசு நியமித்தவர். அவரை அனுப்பவோ மாற்றவோ பீடோர்க்காரரிடம் வாக்குச்சீட்டு இல்லை.