பஞ்சபட்மாலியிலிருந்து பேனல் வரை

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் பஞ்சபட்மாலி மலை. அங்கே வெட்டியெடுக்கும் பாக்சைட், பெல்ட்டில் ஏறி தாமன்ஜோடி ஆலைக்கு வருகிறது. காஸ்டிக் சோடாவில் வெந்து, அலுமினா என்னும் வெள்ளைத் தூளாகி, அங்குலுக்கு ரயிலேறுகிறது. அங்குள்ள உருக்காலையில், 950 டிகிரி சூட்டில் தொட்டிகளில் மின்சாரம் பாய்ச்சி, தூளிலுள்ள ஆக்சிஜனை விரட்டினால்தான் அலுமினியம் கிடைக்கும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14 யூனிட் செலவு. அந்த மின்சாரத்தைத் தொட்டிக்குத் தொட்டி கொண்டுபோவதும் பஸ்பார் என்னும் அலுமினியச் சட்டம்தான்.

பிறகு அந்த அலுமினியம் சட்டமாகி மின் பேனல் பட்டறைக்கு வருகிறது. 100 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள சட்டம் மீட்டருக்கு 2.7 கிலோ; அதே அளவு செம்பு என்றால் 8.9 கிலோ. சதுர மில்லிமீட்டருக்கு 0.8 ஆம்பியர் என்று பட்டறையில் கணக்குப் போடுவார்கள். அது தொடக்கம் மட்டுமே. பேனலுக்குள் காற்றோட்டம் எப்படி, ஷார்ட் சர்க்யூட் ஆனால் சட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும் விசையைத் தாங்கிகள் தாங்குமா என்றும் பார்த்தாக வேண்டும். 20 மீட்டர் நீளச் சட்டம் 50 டிகிரி சூடேறினால் 23 மில்லிமீட்டர் நீளும். நடுவே வளைந்துகொடுக்கும் இணைப்பு இல்லாவிட்டால் தாங்கிகள் உடையும்.

ஆனால் பஸ்பாரின் ஆயுளைத் தீர்மானிப்பது ஜாயின்ட். அத்தனை யூனிட் செலவழித்து விரட்டிய ஆக்சிஜன், காற்று பட்ட நொடியே திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கைதேர்ந்த ஃபிட்டர் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்த கையோடு ஜாயின்ட் கிரீஸைப் பூசிவிடுவார். டீ குடித்துவிட்டு வந்து பூசலாம் என்றால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். சூட்டில் அலுமினியம் எஃகு போல்ட்டைவிட இரு மடங்கு விரியும். வாஷருக்கு அடியில் நசுங்கி, ஆறியதும் தளர்ந்துபோகும். அதனால்தான் ஸ்பிரிங் போல அழுத்தம் விடாத கூம்பு வாஷர். டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கி, நட்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுவார். நட்டு நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். செம்போடு சேரும் இடத்தில் வெள்ளீயப் பூச்சோ இரு உலோகத் தகடோ கட்டாயம். ஈரம் பட்டால் அங்கே அரிப்பது அலுமினியத்தைத்தான்.

இவ்வளவும் செய்தால் அலுமினியம் செம்புக்கு இளைத்ததல்ல. தளர்ந்த ஜாயின்ட் சூடேறித் தீப்பிடித்த பிறகு உலோகத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. உங்கள் ஆலையிலோ அடுக்குமாடியிலோ இந்தப் பேனல் இருந்தால், ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் டார்க் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கொரு முறை, முழு லோடு ஓடும்போது தெர்மல் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.