தண்ணி போகாத இடம்: வயர்கட்டின் வரலாறு கொஞ்சம்

ஆபீஸ்ல ஆணி புடுங்குற எனக்கு வயர்கட்டோட என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. வாங்கின டிகிரி மெக்கானிக்கல் மக்கா! அது எனக்கே மாசத்துக்கு ஒரு தடவைதான் ஞாபகம் வரும் :-)

வீடு பருத்திப்பட்டு. ஆவடி பூந்தமல்லி ரோட்டுல போறவங்களுக்கு ஏரி தெரிஞ்சிருக்கும். 2019ல பூங்கா எல்லாம் போட்டு அழகாக்கினாங்களே, அதே ஏரிதான். இந்தப் பக்கம் பொறந்தா ஒண்ணு 1961ல ஆரம்பிச்ச டேங்க் ஃபேக்டரி, இல்லைன்னா 1964ல வந்த அம்பத்தூர் எஸ்டேட். ரெண்டுல ஒண்ணோட ஏதாவது ஒரு ஒட்டு உறவு இல்லாம இருக்காது. காலேஜ் மூணாவது வருஷ லீவுல எஸ்டேட்ல ஒரு சின்ன வயர்கட் கடையில ஒரு மாசம் இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் போனேன். ரெண்டு மெஷின், ஒரு முதலாளி, நைட் ஷிஃப்டுக்கு ஒரு அண்ணன். அந்த அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான் இந்தப் பதிவோட பாதி. மீதி நானா தேடிப் படிச்சது.

வயர்கட் தெரியாதவங்களுக்கு: கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒண்ணு மேலேர்ந்து கீழ ஓடிக்கிட்டே இருக்கும். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவுல தலைமுடியை விடச் சின்ன இடைவெளி. அதுல நொடிக்கு ஆயிரக்கணக்குல பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் இரும்புல ஒரு துளியை உருக்கி எடுக்கும். கம்பி இரும்பைத் தொடவே தொடாது. அறுக்கிறது மின்சாரம். அறுத்த தூளை வெளிய தள்ளுறது தண்ணி. இந்த ரெண்டாவது வேலைக்கு ஃப்ளஷிங்னு பேரு. அதுதான் இன்னைக்கு நம்ம கதாநாயகன், சில நேரம் வில்லன்.

கதை ஆரம்பிச்சது சோவியத் நாட்டுல, போர்க்காலத்துல. மின் இணைப்புகள்ல டங்ஸ்டன் முனைகள் பொறி பட்டுப் பட்டுத் தேய்ஞ்சு போகுது, இதைத் தடுக்க வழி கண்டுபிடிங்கன்னு லாசரென்கோ தம்பதிகிட்ட (போரிஸ், நடாலியா) வேலை குடுத்தாங்க. முனைகளை எண்ணெய்ல முக்கிப் பார்த்தாங்க. தேய்மானம் நிக்கலை. ஆனா பொறி சீரா, ஒரே மாதிரி விழுந்துச்சு. தடுக்க முடியாத தேய்மானத்தை வேலைக்கு வச்சுக்கிட்டா என்னன்னு 1943ல அதையே உலோகம் வெட்டுற முறையா மாத்திட்டாங்க. 'பக்'கை 'ஃபீச்சர்' ஆக்குறதுல நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கெல்லாம் முன்னோடி அவங்கதான்.

கம்பியை வச்சு அறுக்கிற மெஷின் 1960கள்ல வந்தது. 1969ல சுவிட்சர்லாந்து ஆஜி கம்பெனி எண் கட்டுப்பாட்டுல ஓடுற வயர்கட் மெஷினைக் கொண்டு வந்தாங்க. எண்ணெய்க்குப் பதிலா உப்பெல்லாம் நீக்கின தண்ணி. இதோட வேகத்தைச் சதுர மில்லிமீட்டர்லதான் சொல்லுவாங்க. 50 மி.மீ தடிமன் பிளேட்ல நிமிஷத்துக்கு 2 மி.மீ நகர்ந்தா 100 சதுர மி.மீ. 1970களோட தொடக்கத்துல நிமிஷத்துக்கு 20 சொச்சம்தான் வந்துச்சு. 1980களோட தொடக்கத்துல 60 சொச்சம். இன்னைக்கு நல்ல மெஷின், நல்ல கம்பி, நல்ல ஃப்ளஷிங் மூணும் சேர்ந்தா 300ஐத் தாண்டும். அந்த மூணாவது "நல்ல"வைக் கவனிங்க.

மின்சாரத்தைக் கூட்டுறதுல பெரிய சிரமம் இல்லை. கூட்டினா தூள் அதிகமாகும். தூள் வெளிய போகலைன்னா பொறி திரும்பத் திரும்ப ஒரே இடத்துல விழும், அங்க கம்பி சூடாகிப் பட்டுனு அறுந்துடும். அதனால, தண்ணி எவ்வளவு தூளை அள்ளிட்டுப் போகுதோ அவ்வளவுதான் வேகம்.

இதுக்கான விடையை முதல்ல கம்பிக்குள்ளதான் தேடினாங்க. ஆரம்பத்துல செம்புக் கம்பி. மின்சாரம் நல்லாப் பாயும், ஆனா இழுவை தாங்காது. 1970களோட பிற்பகுதியில பித்தளைக்கு மாறினாங்க. பித்தளையில இருக்கிற துத்தநாகம் 907 டிகிரியில ஆவியாகும், செம்பு ஆவியாக 2500க்கு மேல வேணும். ஆவியாகிற துத்தநாகம் கம்பியோட சூட்டையும் எடுத்துட்டுப் போகும், இடைவெளியில இருக்கிற தூளையும் தள்ளி விடும். அப்ப துத்தநாகத்தை இன்னும் சேர்க்கலாமே? 40 சதவீதத்துகிட்ட போனா உலோகம் விறைச்சுப்போய் கம்பியா இழுக்க வராது. சரி, உள்ள சேராதுன்னா வெளிய பூசுவோம்னு துத்தநாகம் பூசின கம்பி வந்துச்சு. அப்புறம் அதைச் சூடாக்கி, பூச்சை உள்ள ஊற வச்சு, மேல்தோலை மட்டும் துத்தநாகம் மிகுந்த பித்தளையா மாத்தினாங்க. இதுல காமா வகைன்னு ஒண்ணு. அந்தத் தோல் நொறுங்கும். கம்பியை இழுக்கும்போது மேல்பரப்பு முழுக்க நுண்ணிய வெடிப்பு விழும். அந்த வெடிப்பே தண்ணியை உள்ள கொண்டு போகும், தூளை வெளிய கொண்டு வரும். ஃப்ளஷிங் சரியில்லாத வேலைக்கு இந்தக் கம்பி நல்லாக் கை குடுக்கும். விலைதான் கடிக்கும்.

சீனாக்காரங்க ரூட்டே வேற. பித்தளையை ஒரு தடவை ஓட்டித் தூக்கிப் போடாம, மாலிப்டினம் கம்பியை நொடிக்குப் பத்து மீட்டர் கிட்ட முன்னும் பின்னும் ஓட்டுற மெஷின் செஞ்சாங்க. கம்பி ஓடுற வேகத்துலயே திரவம் உள்ள இழுபட்டுப் போயிடும். பளபளப்பு குறைவு, செலவும் குறைவு. என் பார்வையில அது மட்டமான நகல் இல்லை, அதே கேள்விக்கு வேற ஒரு விடை.

இப்ப அம்பத்தூருக்கு வருவோம். பிளேட்டோட ரெண்டு பக்கமும் நாசில் ஒட்டி உக்காந்தா தண்ணி நேரா வெட்டுக்குள்ள போகும். பிளேட்ல பள்ளம் இருந்தா மேல் நாசில் இறங்க முடியாது, தண்ணி பக்கவாட்டுல சிதறிடும். அன்னைக்கு வந்த டை பிளேட் 40 மி.மீ தடிமன், அதுல 15 மி.மீ பள்ளம், பள்ளத்துக்குள்ளதான் வெட்டு. முதல்ல வயர்கட், அப்புறம் பள்ளம்னு செஞ்சிருக்கலாம்தான். ஆனா ஹார்டனிங் ஆன பிறகு பள்ளம் மில்லிங் பண்றது கஷ்டம், ஹார்டனிங்குக்கு முன்னாடி வயர்கட் பண்ணினா அளவு கோணிடும். அதனால பள்ளத்தோடதான் வரும்.

நான் புத்தகப் புழு, ஆஃப் டைமைக் கூட்டலாம்ணேன்னு சொன்னேன். கூட்டினோம். அறுந்தது. இன்னும் கூட்டினோம். அறுக்கலை, ஆனா வேகம் நூறுலேர்ந்து நாப்பதுக்கு வந்துடுச்சு. 25 மி.மீ தடிமன், 200 மி.மீ நீளம், மொத்தம் 5000 சதுர மி.மீ. ரெண்டு மணி நேரத்துக்கு மேல. இந்த மாதிரி வேலை இன்னும் மூணு வரிசையில. எஸ்டேட்ல கூலி சதுர மி.மீட்டருக்கு இத்தனை காசுன்னுதான். அண்ணனுக்கு அதுக்கு மேல தினசரி இலக்கு வேற.

ரெண்டாவது பிளேட்டுக்கு அண்ணன் ஒரு அலுமினியத் துண்டைத் தேடி எடுத்தாரு. பள்ளத்துக்குள்ள அசையாம பொருந்துற மாதிரி வெட்டி, 15 மி.மீ உயரத்துக்கு அடைச்சு, கிளாம்ப் போட்டாரு. இப்ப மேல்பரப்பு சமம், நாசில் ஒட்டி உக்காந்துச்சு. "ண்ணா, அலுமினியத்தையும் சேர்த்து அறுக்கணுமே, 8000 ஆயிடுச்சே"ன்னேன். "கணக்குப் போடுடா தம்பி"ன்னாரு. எட்டாயிரம், நூறால வகுத்தா எண்பது நிமிஷம். அதிகமா அறுத்து, முக்கால் மணி நேரம் மிச்சம். பில்லுல மட்டும் அதே 5000தான்.

போன மாசம் அவரைப் பார்த்தேன். சொந்தமா ஒரு பழைய மெஷின் வாங்கிப் போட்டிருக்காரு. ஷெல்ஃப்ல காமா கம்பி ஒரே ஒரு ரீல், பிளாஸ்டிக் கவர் பிரிக்காம. பக்கத்துல ஒரு டால்டா டப்பா நிறைய அலுமினியத் துண்டுங்க, ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல உயரம் எழுதியிருந்துச்சு.