சரிவில் விரித்திருந்த வலை: கலிஃபோர்னியாவின் வீட்டுப் பரிசோதனைக் கதை

கலிஃபோர்னியாவில் முதல் வீடு வாங்கக் கிளம்பியபோது ஏஜென்ட் எனக்குச் சொன்ன யோசனை: "இன்ஸ்பெக்‌ஷன் கண்டிஜென்சியை விட்டுடுங்க. அப்பதான் உங்க ஆஃபரை எடுத்துப்பாங்க." பரிசோதனையில் குறை தெரிந்தால் முன்பணத்தை வாங்கிக்கொண்டு விலகிவிடலாம் என்கிற உரிமைக்குத்தான் அந்தப் பெயர். கூடவே, விற்பவர் நிரப்பித் தந்த படிவங்கள் ஒரு கட்டு வந்தது. கூரை ஒழுகுகிறதா, நிலம் சரிந்ததுண்டா என்று கேள்வி மேல் கேள்வி. இதையெல்லாம் கேட்கும்படி செய்தது யார் என்று தேடிப் போனதில், 1984-ஆம் வருடத் தீர்ப்பு ஒன்று கிடைத்தது. ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர்.

சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, டயாப்லோ மலையடிவாரத்தில், டயாப்லோ என்றே ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு ஏக்கர் நிலம், 3,000 சதுர அடி வீடு, நீச்சல் குளம், தனியாக ஒரு விருந்தினர் வீடு. 1976 மே மாதம் ஒரு பெண் இதை 1,70,000 டாலருக்கு வாங்கினார். கொஞ்ச நாளிலேயே மண் சரிந்தது. அஸ்திவாரம் இறங்கி, சுவர் வெடித்து, கதவு நிலைகள் கோணின. அடுத்து வந்த சரிவுகளில் வண்டிப் பாதையின் ஒரு பகுதியும் போனது. நிலத்தின் ஒரு பகுதி, சரியாக இறுக்காமல் மண் கொட்டி நிரப்பிய இடம். சேதத்துக்குப் பிறகு சொத்தின் மதிப்பு 20,000 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது என்று ஒரு கணக்கு. சரிசெய்யும் செலவோ 2,13,000 டாலர் வரை போகும் என்றார்கள்.

விற்றவர்கள் காலத்திலேயே, 1973-லும் 1975-லும், அங்கே மண் சரிந்திருக்கிறது. அவர்கள் வாயே திறக்கவில்லை. தெரிந்த குறையை விற்பவர் மறைத்தால் குற்றம் என்பது அப்போதே இருந்த சட்டம்தான், அதில் புதுசு ஒன்றுமில்லை. ஏஜென்டுகள் விஷயம்தான் வேறு. சரிவுகளைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் சரிவின் மேல் வலை விரித்திருந்ததை ஒரு ஏஜென்ட் பார்த்திருக்கிறார், அது பழைய மண்சரிவுக்காகப் போட்டது என்பதும் அவருக்குத் தெரியும். விருந்தினர் வீட்டுத் தரை மட்டமாக இல்லை என்பதற்கும் சாட்சி இருந்தது. இவ்வளவு இருந்தும் யாரும் மண்ணைச் சோதிக்கச் சொல்லவில்லை.

"எங்களுக்குத் தெரியாது" என்பது போதாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஏஜென்ட் ஒழுங்காகப் பார்வையிட வேண்டும், அப்படிப் பார்த்தால் தெரியக்கூடியதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த வருடமே மாநிலச் சட்டமன்றம் இந்தக் கடமையைச் சட்டமாக்கியது. விற்பவர் நிரப்ப வேண்டிய படிவம் 1987-லிருந்து கட்டாயமானது. என் மேஜையில் கிடந்த கட்டு பிறந்த கதை இதுதான்.

ஆனா சட்டத்தை வரிவரியாப் படிச்சா ஒரு விஷயம் உறைக்கும். ஏஜென்டின் கடமை, எட்டக்கூடிய இடங்களைக் கண்ணால் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. வாங்குபவரும் தன் பங்குக்குக் கவனமாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது, ஏஜென்ட் பார்த்ததும் விற்பவர் எழுதியதும் மட்டுமே நமக்குப் போதாது.

அந்த இடத்தில்தான் நாம் காசு கொடுத்து அழைக்கும் பரிசோதகர் வருகிறார். டயாப்லோ வீடு கைமாறிய அதே 1976-ல்தான் அமெரிக்க வீட்டுப் பரிசோதகர்கள் ஒன்றுகூடி 'ஆஷி' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சஸ் 1985-ல் இந்தத் தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் இன்னிக்கும் வீட்டுப் பரிசோதகருக்கு அரசு லைசென்ஸ் கிடையாது. ஒரு பாதுகாப்பு உண்டு: பரிசோதித்த வீட்டில் 12 மாதத்துக்கு அவரே காசு வாங்கிக்கொண்டு ரிப்பேர் வேலை செய்யக் கூடாது. இல்லாத குறையைக் காட்டி வேலை பிடிப்பதைத் தடுக்கத்தான் இந்த விதி. அதனால் ஏஜென்ட் கைகாட்டும் ஆளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவர் சங்க உறுப்பினரா என்றும் முந்தைய அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா என்றும் நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

பரிசோதகருக்கும் எல்லை உண்டு. கூரை, மின்சாரம், குழாய், ஹீட்டர் எல்லாம் பார்ப்பார். சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். கரையானுக்குத் தனி ஆள், சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விடத் தனி ஆள். மண்ணைச் சோதிக்க மண்ணியல் பொறியாளர் வர வேண்டும். டயாப்லோ வீட்டுக்கு இன்று ஒரு சாதாரணப் பரிசோதகர் போனாலும், மண் இறுகியிருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது. "இங்க வலை கிடக்கு, தரை சாய்ஞ்சிருக்கு, மண் தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கண்டிஜென்சியை விட்டுக்கொடுத்தால், அப்படி ஒருவர் சொன்ன பிறகு விலகும் வழி நமக்கு இருக்காது. நான் விடவில்லை. அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்து பார்த்த வீட்டுக்குப் பரிசோதகரோடு நானும் போய், மூணு மணி நேரம் அவர் பின்னாலேயே நடந்தேன். சமையலறைக்குள் நுழையும் முன் கொல்லைப்பக்கம் போய்ச் சரிவைத்தான் முதலில் பார்த்தேன்.